பருத்திக் காட்டைப் பார்க்காத சிரில் கார்பட்

இங்கிலாந்தில், எங்கள் ஹல் நகரத்தில், ஹெஸ்ஸில் சாலையில், ஆண்பிள்ளை பிறந்தால் அவன் பெரியவனாகி என்ன ஆவான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது? மீன்பிடிக் கப்பலுக்குப் போவான். மூன்று வாரம் ஐஸ்லாந்துப் பக்கம் பனிக்கட்டியோடு மல்லுக்கட்டுவான், மூன்று நாள் கரையில் குடிப்பான், மறுபடி போவான். இதைத் தவிர வேறு பிழைப்பு உலகத்தில் இருப்பதாகச் சொன்னவனை எங்கள் தெருவில் லண்டன்காரன் என்று திட்டுவார்கள். அதைவிடக் கேவலமான வசவு எங்களிடம் கிடையாது.

அந்தத் தெருவில், பரம்பரைக் கப்பல்காரர் வீட்டில் பிறந்த மூத்த மகன் சிரில் கார்பட். அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டை இங்கிலாந்தில் முதன்முதலில் பாடியவர்களில் ஒருவன் என்று இன்றைக்குப் புத்தகம் போட்டு எழுதுகிறார்கள். அவனுடைய குழுவில் பியானோ வாசித்தவள் நான், ஹில்டா. சில வீடு தள்ளிக் குடியிருந்தேன். மெதடிஸ்ட் சபையில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் என்னை 'மற்றும் பலர்' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். பன்மையில் போட்டதற்கு நன்றி.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருஷம் கழித்து, மீசை முளைக்கிற வயதில் சிரிலைக் கப்பலில் ஏற்றினார்கள். துறைமுக வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தி ஆரம்பித்தது. ஐஸ்லாந்து போய்ச் சேரும்வரை எடுத்தான். அங்கே நின்று எடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் எடுத்தான். கப்பல் கரை சேர்ந்ததும் கேப்டன் நேராக அவனுடைய அப்பாவிடம் வந்தார்.

"உம் பையன் கொட்டின தீனிக்கே மீனெல்லாம் கப்பலைச் சுத்திச் சுத்தி வந்துச்சுப்பா. அந்த வகையில பிரயோஜனமாத்தான் இருந்தான். ஆனா இன்னொரு தடவ அனுப்பிடாத."

தெருவே சிரித்தது. அவனுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. வழக்கமாகவே அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை என்பதால் சிரிலுக்கு அது தெரிய நாளாயிற்று. கரையில், மீன் வெட்டும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். ஐஸ் தண்ணீரில் கை வைத்து ஹாடக் மீனை முள் நீக்கிக் கூறு போடுகிற வேலை. கப்பல்காரர்கள் அதைப் பொம்பளை வேலை என்பார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி வெட்டுக் கத்தியோடு நிற்கும்போது அப்படிச் சொன்ன ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. தம்பி கென் அடுத்த வருஷமே கப்பலேறினான். ஒரு தடவைகூடக் குமட்டவில்லை. அப்பாவுக்கு ஒரு மகன் மிஞ்சினான்.

ப்ளூஸ் சிரிலுக்கு வந்து சேர்ந்த கதையைப் பக்தியோடுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சபை மூலமாக வந்தது. அம்மாவின் பிறந்தநாளுக்கென்று சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் ஓர் இசைத்தட்டு வாங்கினான். உறையில் வேல்ஸ் நாட்டுத் தேவாலயப் பாடகர்கள் வரிசையாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை டீக்குச் சபைப் பெண்கள் வந்திருந்தபோது திருமதி கார்பட் பெருமையோடு அதைச் சுழல விட்டார். நானும் இருந்தேன். உறைக்குள் இருந்தது வேறு தட்டு. ஏதோ ஓர் அமெரிக்கக் கறுப்பர், கிட்டாரைத் தட்டித் தட்டி, காலை ரயிலில் ஏறிப் போய்விட்ட ஒரு பெண்ணை நினைத்து முனகிக்கொண்டிருந்தார்.

சபையின் மூத்த உறுப்பினர் மிசஸ் பிளெங்கின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பக்தி பாரேன் கண்ணு! அந்தப் பொண்ணு பொண்ணுங்கறாரே, திருச்சபையைத்தானே சொல்றாரு?"

"வேற யாரைச் சொல்லப் போறாரு?" என்றார் திருமதி கார்பட்.

"ரயிலு?"

"அது பரலோகத்துக்குப் போற ரயிலு."

தட்டைத் திருப்பிப் போட்டார்கள். மறுபக்கத்துப் பாட்டு முழுக்க ஜின் சாராயம் பற்றியது. ஜின்னுக்கு அவர்களால் வேதாகமத்தில் இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. மிசஸ் பிளெங்கின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடினார். சிரில் கேக் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். யாருக்கும் கேக் கொடுக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. மறுபடியும் வாந்தியோ என்று நான் நினைத்தேன்.

வாந்தி இல்லை. அடுத்த வாரம் ஓர் அடகுக் கடை கிட்டாரோடு வந்தான். வீட்டுக்குள் அதைத் தொட்டால் உடைத்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டதால், கொல்லைப்புறக் கழிப்பறைக்குள் உட்கார்ந்து பழகினான். இங்கிலாந்தின் ப்ளூஸ் பிறந்த இடம் அதுதான். புத்தகத்தில் இந்த விவரம் இல்லை. மணிக்கணக்காக உள்ளேயே இருந்து முனகுகிறானே என்று பக்கத்து வீட்டுக்காரி மலச்சிக்கல் என்று நினைத்து இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் வேகவைத்த உலர்ந்த பிளம்ஸ் கொடுத்தனுப்பினாள்.

அவனுக்குக் குரல் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். சரளைக் கல்லைத் தகர வாளியில் போட்டு உருட்டினாற்போல ஒரு குரல், ஆனால் உருட்டுகிற கை நிதானமான கை. சிக்கல் என்னவென்றால், அவன் பாடியதெல்லாம் பருத்திக் காடு, கோவேறு கழுதை, கொளுத்துகிற வெயில், மிசிசிப்பி வெள்ளம். சேர்ந்தாற்போல ரெண்டு நாள் வெயிலைப் பார்க்காதவன். அவன் பார்த்த ஒரே பருத்தி சபையில் இலவசமாகக் கொடுத்த உள்பனியன். பேசும்போது அசல் ஹல்காரன். பாட வாயைத் திறந்தால் எங்கிருந்தோ ஒரு வயதான அமெரிக்கர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய ஸ்டான் மேளம் அடிக்க வந்தான். அடிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு இசையில் வேறு கோரிக்கை கிடையாது. 'த்ரீ ஹெரிங்ஸ்' மதுக்கடை மாடியில் ஒரு பியானோ இருந்தது, அதனால் நான். ஸ்டானின் மச்சான் பழைய ரேடியோவைப் பிரித்து ஓர் ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தான். அது தான் ரேடியோ என்பதை முழுதாக மறக்கவில்லை. நடுப் பாட்டில் திடீரென்று கப்பல்களுக்கான வானிலை அறிக்கை அதில் வந்துவிடும். வடமேற்குக் காற்று, கடல் கொந்தளிப்பு என்று தெளிவான குரலில் ஒருவர் வாசிப்பார். அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த கப்பல்காரர்கள் சட்டென்று அமைதியாகிக் காது கொடுத்துக் கேட்பார்கள். அறிக்கை முடிந்ததும் கைதட்டுவார்கள். சிரிலின் பாட்டு தொடரும், பேச்சும் தொடரும்.

ஜாஸ் சங்கத்துக்குப் போய்ப் பார்த்தோம். அதன் செயலாளர் ஒரு பல் வைத்தியர். இது ஜாஸ் இல்லை என்றார். நாங்களும் அப்படிச் சொல்லவில்லை என்றோம். அது அவருக்கு இன்னும் கோபமாக இருந்தது. பிறகு நாட்டுப்பாடல் சங்கத்துக்குப் போனோம். மின்சாரம் வைத்து வாசிப்பது மக்களின் இசை ஆகாது என்று அவர்கள் மைக்கில் அறிவித்து எங்களை அனுப்பிவைத்தார்கள்.

இதற்கு நடுவில் கொட்டகையில் மீன் அடுக்கிய ஈனிட் என்ற பெண்ணைச் சிரில் கல்யாணம் செய்துகொண்டான். ஈனிட்டுக்கு ப்ளூஸ் பிடிக்காது. "கல்யாணம் ஆனதுலேருந்து என் பொண்டாட்டி ஓடிப்போயிட்டா, ஓடிப்போயிட்டான்னே பாடறியே, நான் அடுப்படியிலதானடா இருக்கேன்!" என்று உள்ளிருந்து கத்துவாள்.

அறுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு நவம்பர் மாதம், நிஜமான ப்ளூஸ்காரரே எங்கள் ஊருக்கு வந்தார். டீக்கன் ப்ரூயிட் என்று பெயர். மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் குடியேறியவர். அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கக் குழு வேண்டும் என்று மான்செஸ்டரிலிருந்து ஓர் ஏற்பாட்டாளர் கேட்டிருந்தார். ஹல்லில் ப்ளூஸ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்களுக்குத் தெரியுமா என்று அவர் விசாரிக்கவில்லை.

சிரில் இரண்டு வாரம் தூங்கவில்லை. முகச் சவரத்தை நிறுத்தினான். பண்ணையாட்கள் போடுகிற, முழங்கால் கிழிந்த நீல டங்கரி ஒன்றை எங்கிருந்தோ பிடித்தான். கொட்டுகிற ஆலங்கட்டி மழையில், தலையில் வைக்கோல் தொப்பியோடு பாரகன் ரயில் நிலையத்துக்கு வந்து நின்றான். ரயிலிலிருந்து டீக்கன் இறங்கினார். சாம்பல் நிறப் பட்டு சூட், ஒட்டக ரோம ஓவர்கோட், முகம் பார்க்கலாம் போன்ற ஷூ. நேராகச் சிரிலிடம் வந்தார்.

"தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் டாக்சி வரைக்கும் கொண்டு வந்துடு" என்று கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "மேடம், இங்க சிரில் கார்பட்னு ஒருத்தர் என்னைக் கூப்பிட வர்றதாச் சொன்னாங்க. வந்திருக்காரா?"

"பெட்டியைக் குடுத்தீங்களே, அவருதாங்க."

டீக்கன் திரும்பிச் சிரிலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதும் தீ விபத்தா மேடம்?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடு கேட்டார்.

கச்சேரிக்கு முன்னால் சிரிலின் வீட்டில் சாப்பாடு. ஈனிட் மீன் பொரித்து, உருளைக்கிழங்கு சிப்ஸும் மசித்த பட்டாணியும் வைத்திருந்தாள். டீக்கன் மூன்று முறை போட்டுக்கொண்டார். மாவில் என்ன கலந்தாய் என்று அவளிடம் விவரமாகக் கேட்டார். பீர் என்றாள். "எங்க அம்மா மோர் ஊத்துவாங்க" என்றார். இருவரும் மீன் பொரிப்பது பற்றி வெகுநேரம் பேசினார்கள். சிரில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தேவாலயத்தில் பேசுகிற குரலில் கேட்டான்:

"ஐயா, அந்தப் பருத்திக் காட்டைப் பத்தி... அந்த வேதனையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

டீக்கன் வாயிலிருந்த மீனை மென்று விழுங்கினார்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அங்க வேலை தம்பி. முதுகு ஒடிஞ்சுது. அங்கேருந்து தப்பிக்கத்தான் கிட்டார் கத்துக்கிட்டேன். நீங்க என்னடான்னா கிட்டாரைக் கத்துக்கிட்டு அங்க போகணும்னு துடிக்கறீங்க. இந்த வீட்ல என்ன கொறை?"

"கூரை ஒழுகுது" என்றாள் ஈனிட்.

"அப்ப அதைப் பாடலாமே" என்றார் அவர், சிப்ஸை எடுத்துக்கொண்டே.

அன்றைய கச்சேரிக்குப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் திரண்டு வந்திருந்தார்கள். தரையில் சம்மணம் போட்டு, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார்கள். டீக்கன் துள்ளலான நடனப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். ஒருவரும் அசையவில்லை. அவர் பியானோ பக்கம் சாய்ந்து என்னிடம், "யாராவது செத்துப் போயிட்டாங்களா மேடம்?" என்றார். முடிந்ததும் மாணவர் தலைவன் கேமராவோடு வந்தான். அவன் அப்பா சரே என்ற பணக்கார மாவட்டத்தில் வக்கீல். இவன் ஒடுக்கப்பட்டவர்களின் இசையைக் காப்பாற்றக் கிளம்பியவன்.

"ஐயா, இந்த சூட்டைக் கழட்டிட்டு வேலைக்காரங்க உடுப்புல ஒரு படம் எடுத்துக்கலாமா? இயல்பா இருக்கும்."

"அந்த உடுப்பை அந்தத் தம்பி போட்டிருக்காரே" என்று சிரிலைக் காட்டினார் டீக்கன். "அவரையே எடுத்துக்குங்க."

அவர்கள் எடுக்கவில்லை. ஹல்லில் மீன் வெட்டுகிறவன் ஒடுக்கப்பட்டவன் கணக்கில் வரமாட்டான் போலிருக்கிறது. ரொம்பப் பக்கத்தில் இருக்கிறான்.

அதற்குப் பிறகு சிரில் டங்கரியைக் கழற்றிவிட்டான். தொப்பியை நாய் எடுத்துக்கொண்டது. தன் சொந்தக் குரலில், எங்கள் ஊர்ப் பேச்சில் பாட்டுக் கட்ட ஆரம்பித்தான். ஒழுகுகிற கூரைக்கு ஒன்று, விறைத்துப்போன விரலுக்கு ஒன்று, பெண்கள் கழிப்பறைக்குப் போனால் வாசலில் கடிகாரத்தோடு நிற்கிற மேஸ்திரிக்கு ஒன்று. ஹாடக் மீனைப் பார்த்து, நீயும் நானும் ஒரே நாளில்தானே கண் விழித்தோம், உனக்கு மட்டும் எப்படி விடுதலை என்று கேட்கிற பாட்டு ஒன்று. கொட்டகைப் பெண்கள் கூட்டமாக வந்து மாடி அதிரக் காலைத் தட்டினார்கள். மேஸ்திரி பாட்டுக்கு அழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். மாணவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். "இதுல உண்மைத்தன்மை இல்லையே" என்று வக்கீல் மகன் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனான். சிரிலின் சட்டையில் அன்றைக்கு வெட்டிய மீனின் செதில் ஒட்டியிருந்தது.

லண்டனிலிருந்து நீளமுடி வைத்த இரண்டு பையன்கள் வந்தது அந்தச் சமயத்தில்தான். மரியாதையான பிள்ளைகள். முன்வரிசையில் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்து, சிரிலுக்கு பீர் வாங்கிக் கொடுத்து, அவன் விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வருஷம் நாடெங்கும் ஒரு பாட்டு ஒலித்தது. ஈனிட் துணி தேய்த்துக்கொண்டே ரேடியோ கேட்டவள், இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"சிரில், உன் ஹாடக் மீனைப் பொம்பளையாக்கிட்டாங்கடா."

அவன் உள்ளே போய் முழுப் பாட்டையும் நின்றபடி கேட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. வழக்குப் போடு என்றேன். ஸ்டான் லண்டன் போய் அவர்களை அடிக்கலாம் என்றான். அவனுக்கு அடிப்பதற்கு ஏதாவது வேண்டும். சிரில் தலையைச் சொறிந்தான்.

"நடு அடியில நான் தடுக்கி விழுவேன்ல, அந்த எடத்துல அவங்க விழல. நல்லாத்தான் வாசிக்கறாங்க" என்றான். "இதை நான் எங்கேயோ கேட்டு எடுத்தேன். அவங்க எங்கிட்ட எடுத்தாங்க. டீக்கன்கிட்ட எவ்வளவு பேரு எடுத்தாங்களோ, யாரு கண்டா?"

இப்படிப் பெருந்தன்மையான புருஷனை வைத்துக்கொண்டு கூரையை எப்படி மாற்றுவது என்று ஈனிட் கேட்டாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய் ஒழுகுகிற இடத்தில் வைத்தான்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் கென் போன கப்பல் திரும்பவில்லை.

ஐஸ்லாந்துக்கு வடக்கே புயல். கப்பலின் கம்பங்களிலும் கம்பிகளிலும் பனி ஏறி ஏறி, அடித்து உடைக்கிற வேகத்தைவிட வேகமாக ஏறி, கப்பல் கவிழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் ரேடியோவில் பேச்சு வந்துகொண்டிருந்தது, மறுநாள் வரவில்லை. எங்கள் தெருவில் வீடு வீடாகத் திரை இழுத்து மூடினார்கள். அந்தக் கப்பலில் தெருவுக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். யாருக்கு முதலில் ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் பெண்கள் டீ போட்டுக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

இதைப் பற்றி எனக்கு நக்கலாக ஒன்றும் சொல்ல வராது.

நூறு சாவுப் பாட்டுப் பாடிய சிரில் சபை ஆராதனையில் வாயைத் திறக்கவில்லை. நான் ஆர்மோனியத்தில் அவனுக்காக சுருதியைக் கொஞ்சம் இறக்கி வாசித்தும் பார்த்தேன். வெளியே வந்ததும் ஸ்டான் தோளைப் பிடித்தான்.

"பாடிடு சிரில். மனசு ஆறும். நீதானே எப்பவும் சொல்லுவே."

"அதெல்லாம் பாட்டுடா" என்றான் சிரில். "இது கென்."

அன்று சாப்பாட்டு மேஜையில் அவன் அப்பா, யாரையும் பார்க்காமல், "கப்பல்ல நிக்கத் தெரிஞ்சவன் போயிட்டான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லாத மீதியும் எல்லார் காதிலும் விழுந்தது. சிரில் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். கிட்டாரை ஈனிட் ஒரு போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அதன்பின் பல வருஷம் அவன் பாடவில்லை. புத்தகம் எழுதியவர்கள் இதற்கு 'மௌனத்தின் தவம்' என்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள். தனக்குள் ஆழ்ந்து புதிய நாதத்தைத் தேடினானாம். நான் பார்த்தவரை ஹாடக்கை வெட்டினான், இரண்டு பெண்குழந்தைகளை வளர்த்தான், புறாப் பந்தயம் பழகி அதிலும் தோற்றான்.

எழுபதுகளில் ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் கடலுக்குள் எங்களை விடமாட்டோம் என்று சொல்லி ஜெயித்தார்கள். கப்பல்கள் துருப்பிடிக்க நின்றன. கொட்டகையை மூடினார்கள். கடைசி நாளன்று, வேலையை இழந்த எல்லாரையும் சந்தோஷப்படுத்த நிர்வாகம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு விருந்து வைத்தது. மார்பில் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த சட்டை போடுகிற ஒரு பாடகரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் வரவில்லை. சாஸேஜ் ரோல் தீர்ந்துவிட்டது. மேஸ்திரி மேடையேறி ஒரு ஜோக் சொன்னார். நிலைமை கைமீறிப்போகிறது என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

ஈனிட் எழுந்து வீட்டுக்குப் போய், போர்வையோடு கிட்டாரை எடுத்து வந்து சிரிலின் மடியில் வைத்தாள்.

"வேணாம் ஈனிட்."

"எனக்கும்தான் வேணாம். எனக்கு ப்ளூஸ் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா? இவளுங்க எல்லாருக்கும் இன்னியோட வேலை போச்சு. மேஸ்திரி பாட்டைப் பாடு. அந்தாளு இருக்கறப்பவே பாடு."

பாடினான். கம்பி துருப்பிடித்து இருந்தது, குரலும் அப்படியே. பெண்கள் மேஜையில் கரண்டியால் தாளம் போட்டார்கள். மேஸ்திரி எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார், வேறு வழியில்லை. முடிந்ததும் ஆரவாரம். நான் சுவரோரம் இருந்த பழைய பியானோவுக்குப் போனேன். அடுத்து என்ன என்று கேட்பதற்குள் சிரில் இன்னொன்றை ஆரம்பித்துவிட்டான். நான் கேட்டிராத பாட்டு. அவனுடைய நீலச் சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொண்டு கப்பலுக்குப் போன தம்பியைப் பற்றியது. அதில் கடல் இல்லை, புயல் இல்லை. சட்டைதான். அதற்கு நான்தான் காசு கொடுத்தேன், அந்த நிறம் உனக்கு எடுக்காது, காலர் பட்டன் ஒன்று தொங்குகிறது, பத்திரம், என்று ஓர் அண்ணன் எரிச்சலோடு சொல்லிக்கொண்டே போகிறான். மூன்று ஸ்வரத்துக்கு மேல் எனக்கு அதில் வேலை இல்லை. கரண்டிகள் நின்றுவிட்டன.

பின்வரிசையில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். மருமகளோடு விருந்துக்கு வந்தவர். பாட்டு முடிந்ததும் எழுந்தார். கைத்தடியோடு மெதுவாக முன்னால் வந்தார். பெரிய கைக்குட்டையில் சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

"மூணாவது அடியில சுதி எறங்கிடுச்சு" என்றார்.

"தெரியும்ப்பா."

"அவனுக்கு அந்த நெறம் எடுக்காதுதான்." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொன்னு பாடு."

பிறகு பத்திருபது வருஷம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், தொழிலாளர் மன்றத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு நடுவே சிரில் பாடினான். பிங்கோவுக்குக் கூட்டம் அதிகம். சிரிலுக்கு அதில் வருத்தமில்லை. அவனும் பிங்கோ ஆடுவான்.

அங்கேதான் ஜூலியன் அவனைக் 'கண்டுபிடித்தான்'. லண்டன்காரன், பின்னால் சடை, ப்ளூஸ் வரலாற்றில் நிபுணன். தொலைந்துபோன சிரிலைத் தேடி வருஷக்கணக்காக அலைந்ததாகச் சொன்னான். சிரில் பிறந்த தெருவிலேயேதான் குடியிருந்தான். தொலைபேசிப் புத்தகத்திலும் இருந்தான். ஜூலியன் டீயைத் தொடாமல், டேப்பை ஓடவிட்டுக் கேட்டான்:

"மிஸ்டர் கார்பட், இந்த இசைக்காக நீங்க எதை வித்தீங்க? சாத்தான்கிட்ட உங்க ஆன்மாவையா?"

"ஹாடக்தாம்பா வித்தேன். அதுவும் மொத்த வியாபாரம்."

ஜூலியன் அதை எழுதிக்கொண்டான். புத்தகத்தில் அது ஆழ்ந்த குறியீடாக வந்திருக்கிறது. பிரதி வந்ததும் சிரில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தான்.

"ஈனிட், என்னைய முன்னோடின்னு போட்டிருக்கான். அப்படின்னா என்ன?"

"பஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே ஸ்டாப்புல போயி நின்னு நனையறவன்" என்றாள் ஈனிட். "சாப்பிட வா."

அந்தப் புத்தகத்துக்குப் பிறகு சில திருவிழாக்களுக்கு அழைத்தார்கள். ஒரு தடவை பெல்ஜியத்துக்குக் கப்பலில் கூட்டிப்போனார்கள். என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரையிறங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேடையேறினான். அந்த வெளுத்த முகத்தைப் பார்த்து, உள்ளே இவ்வளவு வேதனையா என்று பெல்ஜியக்காரர்கள் உருகிவிட்டார்கள்.

நுரையீரல் கெட்டு, ஒரு பிப்ரவரியில், வீட்டுக் கட்டிலில் இறந்தான். ஈனிட் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொன்னானா என்று ஜூலியன் தொலைபேசியில் கேட்டானாம். ஜன்னலைச் சாத்தச் சொன்னான் என்றாள். கொஞ்சம் யோசித்து, வேறெதுவும் இல்லையா என்றானாம்.

மறுவருஷம் ப்ளூஸ் நினைவுக் கழகம் என்று ஒன்று முளைத்தது. 'த்ரீ ஹெரிங்ஸ்' இருந்த கட்டடத்தில், பேர்போனவர்கள் இருந்த இடத்தைக் காட்டுகிற நீலப் பலகை பதிப்பது என்று முடிவாயிற்று. மதுக்கடை போய் அங்கே இப்போது கார்பெட் விற்கிற தரைவிரிப்புக் கடை. தெரு கொள்ளாத கூட்டம். அந்த மாடியில் நெருக்கி உட்கார்ந்தாலும் நாற்பது பேருக்கு இடமில்லை. அன்று வந்த அத்தனை பேரும் அந்தக் காலத்தில் அங்கேதான் இருந்தார்களாம். தோல் கோட்டுப் போட்ட ஒருவர் ஈனிட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"டீக்கன் ப்ரூயிட் வந்தன்னிக்கு நான் முன்வரிசைம்மா! மறக்கவே முடியாது!"

"அப்படியா தம்பி? அப்ப உங்களைத் தூக்கிட்டு வந்தது அம்மாவா, அப்பாவா?"

கழகத் தலைவர் பேசினார். கார்பட் மிசிசிப்பியின் மகன் என்றார். ஹம்பர் ஆற்றங்கரையில் பிறக்க நேர்ந்தது விதியின் பிழை என்றார். திருமதி கார்பட், மனைவி என்ற முறையில் அவருடைய இசைக்கு ஊற்றாக இருந்தார் என்றார். "எனக்கு அது பிடிக்காது" என்று ஈனிட் முன்வரிசையிலிருந்து தெளிவாகச் சொன்னாள். எல்லாரும் அடக்கத்தை மெச்சிக் கைதட்டினார்கள். ஜூலியன் கண்ணைத் துடைத்தான். ஸ்டான் என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

திரையை இழுத்தார்கள். வட்டமான நீலப் பலகை. நல்ல வெள்ளை எழுத்து. 'சிரில் கார்பெட், ப்ளூஸ் முன்னோடி, இங்கே வாசித்தார்' என்று இருந்தது.

கூட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தது. தலைவர் காது சிவந்துபோனது. பலகை செய்தவர்கள் கடையின் கார்பெட்டையும் ஆளின் கார்பட்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள் என்று தெரிந்தது. உடனே கழற்றி மாற்றிவிடுகிறோம், மன்னிக்க வேண்டும் என்று ஜூலியன் ஓடி வந்தான். தரைவிரிப்புக் கடைக்காரர், லீட்ஸிலிருந்து வந்த பட்டேல், வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கழற்றினால் செங்கல் பெயர்ந்துவிடுமே என்று அவருக்குக் கவலை.

ஈனிட் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது; அழப்போகிறாள் என்று கையைப் பிடித்தேன். அவள் தோள் குலுங்கியது. அழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, என் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

"விடுங்கப்பா, இருக்கட்டும்" என்றாள் ஜூலியனிடம். "அவன் இதைப் பாத்திருந்தா இதுக்கும் ஒரு பாட்டுக் கட்டியிருப்பான். நானும் கேக்க மாட்டேன்னு உள்ள போயிருப்பேன்."

பிறகு பட்டேலைப் பார்த்து, "வாசல் மிதியடி வச்சிருக்கீங்களா? எங்க வீட்டுது கிழிஞ்சு போச்சு" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் நுழைந்தாள். நானும் போனேன். தவிட்டு நிறத்தில் ஒன்று எடுத்தோம். அழுக்குத் தெரியாது.